குணமானவர்களுக்கு இங்கே வைத்தியம் இல்லை

என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம் திரும்பி வந்த அன்றுதான், அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் குடலிறக்கம் திரும்பி வருவதே இல்லை என்பதற்காக விழா எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் வண்ணத் துணியால் வளைவு. வளைவின் உச்சியில் தெர்மாகோலில் வெட்டிய ஒரு பெரிய பூஜ்யம், ஆள் தலையை நுழைக்கும் அளவுக்கு. அதற்கு நேர் கீழேதான் கடை வேன் எங்களை இறக்கிவிட்டுப் போனது.

அவர் மரச்சாமான் கடையில் வேலை செய்கிறவர். பீரோவோ கட்டிலோ, வாங்கியவர் எத்தனையாவது மாடியில் இருந்தாலும் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வரவேண்டும். போன வருஷம் தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. இருமினால் வரும், படுத்தால் போகும். "வந்துட்டுப் போற விருந்தாளிதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று பல நாள் சமாளித்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து இதே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வயிற்றுச் சுவர் பலவீனமாகி ஓட்டை விழுந்திருக்கிறது, அது வழியாகக் குடல் எட்டிப் பார்க்கிறது, உள்ளே தள்ளிவிட்டு மேலே ஒரு வலை வைத்துத் தைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். தைத்தார்கள். சரியாகவும் ஆனது. மேடை ஏறும்வரை.

அந்த மேடைக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். அறுவைப் பிரிவின் பெரிய டாக்டரை எல்லோரும் வலை டாக்டர் என்பார்கள். வருஷா வருஷம் விழாவில், சமீபத்தில் குணமான ஒருவர் அவரை நாற்காலியோடு தூக்கிக் காட்டவேண்டும். தையல் எவ்வளவு உறுதி என்று உலகத்துக்குத் தெரியவேண்டாமா? போன வருஷம் என் வீட்டுக்காரரைப் பிடித்தார்கள். பீரோ தூக்குகிறவர் என்றதும் அவர்களுக்கு வாயெல்லாம் பல். தைத்த இடம் முழுசாக ஆறக்கூட இல்லை. இவரும் வெட்கப்பட்டுக்கொண்டே தூக்கினார். கைதட்டல் காதைப் பிளந்தது. வீட்டுக்கு வந்ததும், "உள்ள ஏதோ பொசுக்குன்னு விட்ட மாதிரி இருந்துச்சும்மா" என்றார். அந்தக் காட்சியைப் படம் பிடித்து நடைவழியில் மாட்டியிருக்கிறார்கள். படத்தில் வலை டாக்டர் சிரிக்கிறார், அவருடைய பாலிஷ் போட்ட ஷூ அந்தரத்தில் தொங்குகிறது. நான் செருப்புக் கடையில் வேலை பார்ப்பவள், ஷூ நல்ல ஷூ. என் வீட்டுக்காரரின் முகம் நாற்காலி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டு கை மட்டும் தெரிகிறது.

அன்று காலை யாரோ வீட்டில் மேஜை இழுப்பறையைத் தூக்கக் குனிந்திருக்கிறார். வீக்கம் வெளியே வந்தது. படுத்துப் பார்த்தார், போகவில்லை. அமுக்கிப் பார்த்தார், போகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கல் மாதிரி இருந்தது, வாந்தியும் ஆரம்பித்திருந்தது. போன வருஷம் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சிஸ்டர் சொன்னது என் மண்டையில் அப்படியே இருந்தது: உள்ள போகாம கல்லு மாதிரி ஆச்சுன்னா, வாந்தியும் வந்துச்சுன்னா, வேலையெல்லாம் அப்படியே போட்டுட்டு ஓடி வாங்க. குடல் நெரிஞ்சு செத்துடும். குடல் செத்தா ஆளும் போயிடுவாங்க.

ஓடித்தான் வந்தோம்.

வரவேற்பில் இருந்த பெண்ணின் சட்டையில் பூஜ்யம் போட்ட பட்டன் குத்தியிருந்தது. அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினாள். முகம் மலர்ந்தது.

"சார் குணமானவர்!"

"இல்லம்மா. பாரு, வலியில துடிக்கிறாரு."

"கம்ப்யூட்டர்ல குணமானவர்னுதான் இருக்கு. குணமானவங்களுக்கு அவசரப் பிரிவு கிடையாதுங்க. எதுக்கு அவசரம், அதான் குணமாயிட்டாங்களே? நேரா போயி மூணாவது கதவு, குணமானோர் நலப் பிரிவு." பிறகு சக்கர நாற்காலியில் மடங்கிக் கிடந்தவரைப் பார்த்து, "வாழ்த்துகள் சார்" என்றாள்.

குணமானோர் நலப் பிரிவில் மெத்தென்ற சோபாக்கள் இருந்தன, மீன்தொட்டி இருந்தது, சுவரில் ஓர் அருவியின் படம் இருந்தது. சோபாக்களில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய கையும் தொடை இடுக்கில் இருந்தது. 'இங்கே அனைவரும் நலம்' என்று அவர்கள் தலைக்கு மேல் பலகை தொங்கியது. டாக்டர் என்று யாரும் கண்ணில் படவில்லை. ஆலோசகர் என்று ஒருவர் வந்தார். குழந்தையைத் தூங்கவைக்கிற குரல்.

"முதல்ல உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"டாக்டரைக் கூப்பிடுங்க. இவருக்கு ஹெர்னியா திரும்ப வந்துடுச்சு."

அறையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப் போல ஆலோசகர் காதைத் தடவிக்கொண்டார்.

"அந்த வார்த்தை வேணாமே. உலகத்துல மத்த ஆஸ்பத்திரியெல்லாம் என்ன சொல்றாங்க? நூறு பேருக்குப் பண்ணா சில பேருக்குத் திரும்ப வரும்னு சொல்றாங்க. அதை எண்ணி, எழுதி, வெளியில வேற போடறாங்க. எவ்வளவு அவநம்பிக்கை பாருங்க! நாங்க அப்படி இல்லம்மா. திரும்ப வர்றவங்களை நாங்க எண்ணவே மாட்டோம். எண்ணாத வரைக்கும் பூஜ்யம்தானே?"

"அப்ப இந்த வீக்கம்?"

"இதுக்கு எங்க கிட்ட வேற பேருங்க இருக்கு. புது வீக்கம், பக்கத்து வீக்கம், உடம்போட பழைய ஞாபகம், ஒத்துழைக்காத வயிறு. உங்களுக்கு எது தோதா இருக்கு?"

சோபாவில் இருந்த ஒருவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "நான் ஞாபகம். இதோ இவரு பக்கத்து வீக்கம்" என்று அறிமுகம் செய்துவைத்தார். பக்கத்து வீக்கம் தலையை ஆட்டினார். "ஆபரேஷன் பண்ணதும் வலது பக்கம், வந்திருக்கறதும் வலது பக்கம். இடதுன்னு நெனச்சுக்கச் சொல்றாங்க. முயற்சி பண்ணிட்டிருக்கேன்" என்றார் அவர்.

ஓரத்தில் ஒருவர் வீக்கமே இல்லாமல், ஆனால் உட்காரவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு என்ன என்று கேட்டேன்.

"அவருக்கு ஆபரேஷன் பண்ண நாள்ல இருந்து எரிச்சலும் குத்தலுமா வலி" என்றார் ஆலோசகர். "வலி எங்க கணக்குல வராதும்மா. வீக்கம்னா வெளிய தெரியும். வலி அவரவர் சொந்த விஷயம்."

என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து மீன்தொட்டிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தார். ஆலோசகர் பதறிப்போய் மீன்களைப் பார்த்தார்.

சத்தம் கேட்டு நடைவழியில் போய்க்கொண்டிருந்த ஒரு இளம் டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவசரப் பிரிவின் டியூட்டி டாக்டர். தூக்கம் இல்லாத கண், தலைமுடி ஒரு பக்கம், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை ஒரு பக்கம். யாரையும் கேட்காமல் குனிந்து வீக்கத்தின் மேல் கை வைத்தாள். இவர் போட்ட அலறலில் ஞாபகமும் பக்கத்து வீக்கமும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"இது நெரிஞ்சுடுச்சு. இவரை ஏன் இங்க உக்கார வச்சிருக்கீங்க?"

"டாக்டர், இவர் குணமானவர்" என்றார் ஆலோசகர் மென்மையாக.

"யோவ், குடலுக்கு ரத்தம் போகலய்யா!"

அவள் அங்கேயே நின்று ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டாள். பேசப் பேச அவள் முகம் சுண்டியது. வைத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"குணமானவங்களைத் தியேட்டர்ல ஏத்தணும்னா வலை டாக்டர் வாயால சொல்லணுமாம். அவர் விழாவுல இருக்கார். போனை எடுக்க மாட்டார். நீங்க போயி கால்ல விழுந்தாவது கேளுங்க, நான் அதுக்குள்ள ஊசி, குளுக்கோஸ் எல்லாம் போடறேன். நிக்காதீங்க, ஓடுங்க."

ஓடினேன். மண்டபத்தில் நாற்காலி போதாமல் சுவரோரம் எல்லாம் ஆட்கள். மேடையில் வலை டாக்டர் மைக்கைப் பிடித்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் குழாய் டாக்டர். அவர் வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டுக் குழாய் விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே தைக்கிற பிரிவுக்குத் தலைவர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்று ஆஸ்பத்திரிச் சுவருக்கே தெரியும். பூஜ்யம் மட்டும் இரண்டு பேருக்கும் பொது.

"சில பேர் கேக்கறாங்க," வலை டாக்டர் பேசிக்கொண்டிருந்தார், "எப்படி உங்களுக்கு மட்டும் தோல்வியே இல்லன்னு. ரகசியம் ஒண்ணுமில்ல. ஆபரேஷன் முடிஞ்ச நோயாளியை நான் திரும்பிப் பாக்கறதே இல்ல! அவ்வளவு நம்பிக்கை!"

கைதட்டினார்கள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். "சார், என் வீட்டுக்காரரு" என்று நான் வாயைத் திறப்பதற்குள் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் வழிமறித்து, "குணமானவங்களோட குடும்பமா? உங்களுக்கு அஞ்சாவது வரிசை" என்று நாற்காலியைக் காட்டினார். தள்ளிக்கொண்டு போகப் பார்த்தேன். இன்னும் இரண்டு கோட்டுகள் வந்தன.

அப்போதுதான் பக்கவாட்டுக் கதவு வழியாக ஒரு ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் படுத்திருந்தவர் மிரண்டுபோய் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதோ!" வலை டாக்டரின் குரல் உயர்ந்தது. "இந்த மனுஷருக்கு வேற ஆஸ்பத்திரில பண்ணாங்க. திரும்ப வந்துடுச்சு! அடுத்தவன் செஞ்ச பாவத்துக்கு இவர் எதுக்கு ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கணும்? இப்பவே தியேட்டருக்கு! இந்த நிமிஷமே!"

மண்டபமே எழுந்து நின்றது. யாரோ ஸ்ட்ரெச்சரின் மேல் பூமாலைகூட ஒன்றைப் போட்டார்கள். அடுத்த மூச்சில் அந்த ஆள் உள்ளே போய்விட்டார். இத்தனைக்கும் அவர் எழுந்து நடந்தே போகலாம் போலத்தான் இருந்தார்.

எங்கள் கடையில் 'விற்ற செருப்பு திரும்ப எடுக்கப்படாது' என்று எழுதி வைத்திருக்கிறோம். பக்கத்துக் கடையில் வாங்கி அறுந்துபோனதைக் கொண்டுவந்தால் மட்டும் முதலாளி உட்காரவைத்து விசாரிப்பார். அடச்சே, இவ்வளவுதானா என்று எனக்குப் புரிந்துவிட்டது. அஞ்சாவது வரிசையை விட்டு வந்த வழியே ஓடினேன்.

டியூட்டி டாக்டர் குளுக்கோஸ் பாட்டிலைத் தன் கையாலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சக்கர நாற்காலியைத் திருப்பினேன்.

"என்ன பண்றீங்க? எங்க கொண்டு போறீங்க?"

"டாக்டர், இவருக்கு முன்னாடி ஆபரேஷன் நடந்தது இங்க இல்ல. வேற எங்கயோ. பதட்டத்துல எனக்கு மறந்து போச்சு."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பாட்டிலை நாற்காலிக் கம்பியில் மாட்டினாள். "இங்கருந்து போனா நடைவழியெல்லாம் கேமரா. தெரு வழியா சுத்தி வாங்க. பின்பக்க வாசல்ல சரிவு இருக்கு, புது நோயாளிங்க வர்ற வழி. நான் தியேட்டர்ல மயக்க டாக்டரை உக்கார வச்சுட்டு அங்க வந்து நிக்கறேன். சீக்கிரம்" என்றாள்.

ஆஸ்பத்திரியின் மதில் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. நடைபாதையில் கல் பெயர்ந்த இடத்திலெல்லாம் சக்கரம் மாட்டியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் பல்லைக் கடித்தார்.

"ஏம்மா, வீட்டுக்கா போறோம்?"

"இல்லங்க, ஆஸ்பத்திரிக்கு."

"அப்ப இது?"

"இது விழா."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடியும் வாந்தி எடுத்தார். பச்சையாக வந்தது. அதற்குப் பிறகு முனகலும் நின்றுவிட்டது. கையைத் தொட்டேன், சில்லென்று வியர்த்திருந்தது. வலி குறைந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். அது நல்ல சேதி இல்லை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும்போல இருந்தது. அழுதுகொண்டே தள்ளினேன், வேறு என்ன செய்ய?

பின்பக்க வாசலில் இருந்த ஆள் பெயர் கேட்டான். என் அண்ணன் பெயரைச் சொன்னேன்.

"முன்னாடி ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்கா?"

"ஆயிருக்கு. வேற ஆஸ்பத்திரில. திரும்ப வந்துடுச்சு."

"எந்த ஆஸ்பத்திரி?"

"பேரைச் சொன்னாலே நாக்கு கூசுது தம்பி."

அவன் கண் விரிந்தது. மேஜைக்கு அடியில் எதையோ அழுத்தினான், மணி அடித்தது. எங்கிருந்தோ நாலு பேர் ஓடி வந்தார்கள், ஸ்ட்ரெச்சர் வந்தது, போட்டோ எடுக்கிறவர் வந்தார். விழாவை முடித்துக்கொண்டு வலை டாக்டரும் குழாய் டாக்டரும் ஒரே கதவில் இடித்துக்கொண்டு வந்தார்கள். வலை டாக்டர் என் வீட்டுக்காரரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இந்த மனுஷனின் தோளில் உட்காராத குறையாக அந்தரத்தில் தொங்கியவர். அடையாளம் தெரியவில்லை. முகத்தை எப்போது பார்த்தார், தெரிய?

"வெளி கேஸா? நான் எடுத்துக்கறேன்" என்றார் அவர்.

"மன்னிக்கணும்" என்றார் குழாய் டாக்டர். "முன்பக்கமா போட்ட வலை விட்டுச்சுன்னா, பின்பக்கமாத்தான் போகணும். குழாய் வழியா. புஸ்தகத்துலயே இருக்கு."

"புஸ்தகம் எழுதினவங்க எல்லாம் உங்க ஆளுங்க."

"மூணே துளை. நாளைக்கே நடப்பார். உங்க கீறல்ல ஒரு மாசம் முனகுவார்."

"உங்க மூணு துளைக்கு மயக்கம் குடுத்து, கேமரா சூடு பண்ணி, டிவியில படம் தெரியறதுக்குள்ள பொழுது சாயும்."

"சார், மேல தோல் கறுக்குது" என்றாள் டியூட்டி டாக்டர்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்றார் போட்டோக்காரர். இரண்டு பேரும் பார்த்தார்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. "யாராவது ஒருத்தர் கத்தியை எடுத்துத் தொலைங்கய்யா! புருஷனை விட்டுட்டு உங்க மூஞ்சிய பாத்துட்டு நிக்கவா வந்தேன்?" என்று கத்தினேன். அவர்கள் என் பக்கம் திரும்புவதற்குள் டியூட்டி டாக்டர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குடல் செத்திருக்கலாம், கீறித் திறந்துதான் பார்க்கவேண்டும் என்று அவள் சொன்னது கதவுக்குள்ளிருந்து கேட்டது. வலை டாக்டர் வெற்றியோடு பின்னால் ஓடினார். குழாய் டாக்டர் என்னிடம் வருத்தமாக, "உயிரோட இருக்கற குடலா கொண்டு வந்திருந்தா எங்களுக்குக் கிடைச்சிருக்கும்" என்றார்.

கதவுக்கு வெளியே நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. தெரியாத சாமியையெல்லாம் கூப்பிட்டேன். பூஜ்யத்தைக் கண்டுபிடித்தவன் எவன் என்று தெரிந்திருந்தால் அவனையும் திட்டியிருப்பேன்.

டியூட்டி டாக்டர்தான் முதலில் வெளியே வந்தாள்.

"பொழைச்சுட்டார். ஆனா ஒரு சாண் குடல் கறுத்துப் போச்சு, வெட்டி எடுத்துட்டோம். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..."

"முன்னாடியே வந்திருந்தோம் டாக்டர்."

அவள் என் தோளில் கையை வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து வார்டுக்கு வலை டாக்டர் மாணவர் கூட்டத்தோடு வந்தார். கையில் ஒரு கண்ணாடிப் பாட்டில். அதற்குள் கசங்கிய துண்டு வலை ஒன்று மிதந்தது. என் வீட்டுக்காரரின் வயிற்றிலிருந்து எடுத்த பழைய வலை.

"எல்லாரும் பாருங்க" என்றார். "ஒரு ஆபரேஷனை எப்படிப் பண்ணக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கணும்னா இதைப் பாருங்க. வலை அடிவயித்து நடு எலும்பைத் தாண்டி ரெண்டு விரலாவது போயிருக்கணும். இவன் எலும்பு வரைக்கும்கூடக் கொண்டு வரல! சின்னதா வெட்டி, அவசர அவசரமா நாலு தையல் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கான். போதாக்குறைக்கு ஆறறதுக்குள்ள வெயிட்டு தூக்க விட்டிருக்கானுங்க. மனுஷனா அவன்? இவனுக்கெல்லாம் யார் கத்தியைக் கையில குடுத்தது?"

மாணவர்கள் வேகவேகமாகத் தலையாட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஷூ அதே ஷூதான்.

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "பயப்படாதீங்க. அந்த டாக்டர் பேரு மட்டும் சொல்லுங்க. கேஸ் போடலாம். நானே கோர்ட்ல வந்து நின்னு சாட்சி சொல்றேன். அவன் இனிமே இன்னொரு வயித்தைத் தொடக் கூடாது. யாரு பண்ணது இது?"

வேண்டாங்க என்று நான் கண்ணைக் காட்டுவதற்குள் இவர் வாயைத் திறந்துவிட்டார்.

"நீங்கதான் சார்."

வலை டாக்டர் பிடித்த கையை விடாமல் இவர் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்த முகத்தை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். பிறகு அவர் மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"மயக்கம் இன்னும் தெளியல" என்றார் இரக்கத்தோடு.

அத்தனை பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். "தெளிஞ்சதும் பேரு ஞாபகம் வரும். அவனை நான் சும்மா விடமாட்டேன்" என்று தோளில் தட்டிவிட்டு, பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவர்கள் போனதும் இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார். அடக்க அடக்க வயிறு குலுங்கியது, வலியில் கண்ணீர் வழிந்தது, அப்படியும் நிற்கவில்லை. நான் பாய்ந்து தலையணையைத் தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"சிரிக்காதீங்க. உங்க கால்ல வேணா விழறேன், சிரிக்காதீங்க."

"விடும்மா. எவ்வளவு நாளாச்சு சிரிச்சு."

"தையல் விட்டுடும்ங்க" என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இப்ப உங்க பேருலயும் குணமாயிட்டீங்க, எங்க அண்ணன் பேருலயும் குணமாயிட்டீங்க. இன்னொரு தடவை வந்துச்சுன்னா, எந்த வாசல் வழியா நான் உங்களைக் கொண்டு வருவேன்?"